சுயேச்சைகள் – 9: கட்சி இல்லாத முதல்வர்

சென்ற வாரம் ஹரியானாவின் கயா லாலைப் பார்த்தோம். 1967இல் ஹசன்பூரில் சுயேச்சையாக ஜெயித்து, பதினைந்தே நாளில் மூன்று முறை அணி மாறி, ‘ஆயா ராம், கயா ராம்’ என்ற சொலவடையை இந்திய அரசியலுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். அவரைப் போன்றவர்களைக் கட்டிப்போடத்தான் 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவர், நாற்காலியைப் பிடிக்க எந்தக் கட்சிக்கும் தாவவில்லை. தாவ வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. இன்னும் மூன்று எம்.எல்.ஏ.க்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு முதல்வரை இறக்கினார். அந்த முதல்வர் ராஜினாமா செய்த நான்காம் நாள் அதே நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

மது கோடா. ஜார்க்கண்ட் முதல்வராக அவர் பதவியேற்ற 2006 செப்டம்பர் 18 அன்று வயது 35. சட்டசபையில் அவருக்கென்று ஓர் எம்.எல்.ஏ. உண்டென்றால் அது அவர்தான்.

அவருடைய ஊர்ப்பக்கம் போய்விட்டு வந்தால்தான் மற்றது விளங்கும். ஜார்க்கண்டின் தென்கோடியில், ஒடிசா எல்லையை ஒட்டி இருப்பது மேற்கு சிங்பூம் மாவட்டம். தலைநகர் சாய்பாசா. கோல்ஹான் என்று அழைக்கப்படும் அந்தப் பிரதேசம் ஹோ பழங்குடி மக்களின் தாயகம். மானகி, முண்டா என்று ஊர்த்தலைவர்களை வைத்துத் தங்கள் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அவர்களுக்கு உண்டு. அதைக் கலைக்க முடியாமல் 1837இல் வெள்ளைக்காரர்களே வில்கின்சன் விதிகள் என்று எழுதி அங்கீகரித்தார்கள். தெற்கே போனால் சாரண்டா காடு, சால மரங்கள். அந்த மரங்களின் வேருக்கடியில் இந்தியாவின் மிகப் பெரிய இரும்புத் தாதுப் படிவங்களில் ஒன்று கிடக்கிறது. நோவாமுண்டியில் டாடா நிறுவனம் 1925இலிருந்து தாது வெட்டுகிறது. குவாவிலும் சிரியாவிலும் பொதுத்துறைச் சுரங்கங்கள். சாலைகளில் நாளெல்லாம் லாரி. அவை கிளப்பும் செம்மண் புழுதி. தாது ரயிலேறிப் போகும் ஊர்களில் வேலைக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள்.

அப்படி ஒரு வீட்டில்தான் 1971 ஜனவரியில் கோடா பிறந்தார். இளைஞராகச் சுரங்கத்தில் கூலிவேலை பார்த்தார், பிறகு தொழிற்சங்கம். தனி மாநிலம் கேட்டுப் போராடிய அகில ஜார்க்கண்ட் மாணவர் சங்கத்தில் (ஆஜ்சு) கொஞ்ச காலம். ஆர்.எஸ்.எஸ். தொடர்பும் உண்டு. பாஜகவின் பாபுலால் மராண்டி அவரைக் கண்டெடுத்து 2000 தேர்தலில் ஜகந்நாத்பூர் தனித்தொகுதியில் நிறுத்தினார். அப்போது ஜார்க்கண்ட் பிறக்கவில்லை. கோடா ஜெயித்துப் போனது பாட்னாவிலிருந்த பீகார் சட்டசபைக்கு. அதே ஆண்டு நவம்பர் 15இல், பிர்சா முண்டாவின் பிறந்த நாளில், மாநிலம் பிரிந்தது. பாட்னாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் அப்படியே ராஞ்சிக்கு எம்.எல்.ஏ.க்களாக வந்து சேர்ந்தார்கள். கோடா இணை அமைச்சரானார். முதல்வராக இருந்த மராண்டி போய் 2003இல் அர்ஜுன் முண்டா வந்தபோதும் அமைச்சரவையில் இருந்தார். பஞ்சாயத்து ராஜ் துறை அவருடையது. அந்த மாநிலத்தில் அன்று பஞ்சாயத்துத் தேர்தலே நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அது நடந்தது 2010இல்தான், 32 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு.

2005 தேர்தலில் பாஜக அவருக்கு சீட் கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்றார், ஜெயித்தார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். சுயேச்சை என்றதும் கட்சிகளை வெறுத்துத் தனியே நிற்கும் ஒரு மனிதர் நம் மனதில் வருகிறார். இந்தத் தொடரில் இதுவரை பார்த்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. பெரும்பாலான சுயேச்சைகள் சீட் கிடைக்காத கட்சிக்காரர்கள். 2005இல் ஜார்க்கண்ட் சட்டசபைக்கு மூன்று சுயேச்சைகள் வந்தார்கள். ஒருவர் பாஜக கைவிட்ட கோடா. இன்னொருவர் ஸ்டீபன் மராண்டி. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவின் (ஜே.எம்.எம்.) பழைய ஆள். தும்கா தொகுதியைக் கட்சித் தலைவர் சிபு சோரன் தன் மகன் ஹேமந்துக்குக் கொடுத்ததும் வெளியேறி, சுயேச்சையாக நின்று ஹேமந்தையே தோற்கடித்தவர். மூன்றாமவர் ஜர்முண்டியில் வென்ற ஹரிநாராயண் ராய்.

இனி அந்தத் தேர்தலின் கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தக் கதையே கணக்குதான். மொத்தம் 81 இடம். பாஜக 30, அதன் கூட்டாளி ஐக்கிய ஜனதா தளம் 6. எதிரே ஜே.எம்.எம். 17, காங்கிரஸ் 9, லாலுவின் ராஷ்ட்ரிய ஜனதா தளம் 7. பெரும்பான்மைக்கு 41 வேண்டும். இரண்டு பக்கமும் எட்டவில்லை. மிச்சம் 12 பேர்: மூன்று சுயேச்சைகள், ஆஜ்சு 2, ஃபார்வர்டு பிளாக் 2, ஜார்க்கண்ட் கட்சி 1, தேசியவாத காங்கிரஸ் 1, சி.பி.ஐ. (எம்.எல்.) 1, ஐக்கிய கோவர்கள் ஜனநாயகக் கட்சி 2. கடைசிப் பெயரில் அச்சுப்பிழை இல்லை. கோவாவில் பிறந்த கட்சிதான்! அரபிக்கடலோரத்துக் கட்சியின் பெயரில் மாந்தர் தொகுதியில் பந்து திர்க்கியும் மனோகர்பூரில் ஜோபா மாஞ்சியும் ஜெயித்தார்கள். பெயருக்கு ஒரு கட்சியும் சின்னமும் கிடைத்தால் போதும் என்று நின்றவர்கள் இவர்கள். காகிதத்தில் கட்சிக்காரர்கள், நடைமுறையில் சுயேச்சைகள்.

பாஜக அணிக்கு வேண்டியது ஐந்து பேர். ஆஜ்சு இருவர், கோடா, ஹரிநாராயண் ராய், ஜார்க்கண்ட் கட்சியின் ஏனோஸ் எக்கா. சரியாக 41. ஆனால் ஆளுநர் சையத் சிப்தே ரஸி மார்ச் 2ஆம் தேதி சிபு சோரனை முதல்வராக்கிவிட்டார். பாஜக தன் 41 பேரையும் டெல்லிக்குக் கொண்டுபோய்க் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் முன்னால் நிறுத்தியது. பிறகு அந்த ஐந்து பேரை, தங்கள் கட்சி ஆண்ட ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் பாதுகாத்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மார்ச் 15இல் நடக்கவிருந்த நம்பிக்கை வாக்கெடுப்பை 11ஆம் தேதிக்கு முன்னுக்கு இழுத்தது. அன்று சபையில் அமளி. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. சோரன் பத்து நாள் கூட நிற்காமல் ராஜினாமா செய்தார். மார்ச் 12இல் அர்ஜுன் முண்டா மறுபடி முதல்வர்.

அந்த இரண்டு வாரத்தில் கோடா என்ன கற்றுக்கொண்டிருப்பார்? விமானம், ஓட்டல், காவல், தேசியத் தலைவர்களின் உபசாரம். ஒரு மாதத்துக்கு முன்பு தனக்கு சீட் இல்லை என்று சொன்ன கட்சி இன்று தன்னைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறது. அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. இதை அவருடைய பேராசை என்று மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. அவருக்கு விலை உண்டு என்று சொல்லிக்கொடுத்தவர்கள் பெரிய கட்சிகளின் பெரிய மனிதர்கள்.

முண்டா அமைச்சரவையில் கோடாவுக்குக் கிடைத்தது சுரங்கத் துறை. ஜார்க்கண்டில் அதைவிடக் கனமான துறை கிடையாது. அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். பெய்ஜிங் ஒலிம்பிக்கை நோக்கி சீனா கட்டிடங்களும் பாலங்களும் எழுப்பிக்கொண்டிருந்தது. இரும்புத் தாதுக்கு உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டே போனது. ஆனால் அரசுக்குக் கிடைத்த உரிமத்தொகை எடைக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 2004இல் வைத்த விகிதப்படி, 65 சதவீதத்துக்கு மேல் இரும்பு உள்ள முதல்தரக் கட்டித்தாதுக்கே டன்னுக்கு 27 ரூபாய்தான். சந்தையில் அதே தாது ஆயிரக்கணக்கில் விற்றது. விலையில் 10 சதவீதம் என்று மாறியது 2009 ஆகஸ்டில்தான். நடுவில் கிடந்த பணம் முழுக்கக் குத்தகை வைத்திருப்பவருக்கு. ஏலம் என்பது 2015க்குப் பிறகு வந்த பழக்கம்; அன்று குத்தகைக்கு மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், மத்திய அரசு ஒப்புதல் தர வேண்டும். பரிந்துரைக்கும் ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு விலை இருந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எஃகு ஆலை கட்டுகிறோம் என்று சொல்லிப் பெரியதும் சிறியதுமாகக் கம்பெனிகள் ராஞ்சியில் வரிசை கட்டி நின்றன. ஆலை வருகிறதோ இல்லையோ, சுரங்கம் வேண்டும்.

இன்னொரு சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2003இல் வந்த 91ஆவது அரசியல் சாசனத் திருத்தம், அமைச்சர்களின் எண்ணிக்கை சபையின் மொத்த உறுப்பினர்களில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. நல்ல நோக்கம்தான், உத்தரப் பிரதேசத்தில் 90க்கு மேல் அமைச்சர்களை வைத்துக்கொண்டு ஆட்சி நடந்த கூத்துக்கு ஒரு முடிவு வந்தது. 81 பேர் சபையில் 15 சதவீதம் என்றால், முதல்வரையும் சேர்த்து 12 நாற்காலி. 41 பேரைக் கூட்ட வேண்டும், கொடுக்க இருப்பதோ பன்னிரண்டு. கட்சிக்குள் இருக்கும் எம்.எல்.ஏ.யிடம் ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பலாம். மீறினால் கொறடா இருக்கிறார், பதவி போகும். சுயேச்சைக்குக் கொறடாவும் இல்லை, கட்சித் தாவல் சட்டமும் தொடாது. அந்தச் சட்டம் அவருக்கு விதிக்கும் ஒரே தடை, ஜெயித்த பிறகு ஒரு கட்சியில் சேரக்கூடாது என்பது. இன்றைக்கு ஒரு அரசுக்கு ஆதரவு, நாளை எதிரணிக்கு ஆதரவு என்று அவர் இருக்கலாம். கயா லாலைத் தடுக்கப் போட்ட வேலி, மது கோடாவுக்கு மதிலாக நின்றது.

2006 செப்டம்பர் முதல் வாரத்தில் கோடா, ஏனோஸ் எக்கா, ஹரிநாராயண் ராய், தேசியவாத காங்கிரஸின் கமலேஷ் சிங் ஆகிய நான்கு அமைச்சர்கள் முண்டாவைக் கைவிட்டார்கள். 14ஆம் தேதி முண்டா ராஜினாமா. எதிரணியில் யார் முதல்வர்? சிபு சோரன் அப்போது மத்திய நிலக்கரி அமைச்சர். ஜே.எம்.எம்.முக்கு முதல்வர் பதவி தர மற்றவர்களுக்கு விருப்பமில்லை. ஒன்பது இடம் மட்டுமே வைத்திருந்த காங்கிரஸ் கேட்கவும் முடியாது. யாருக்கும் சொந்தமில்லாத ஒருவர் வேண்டியிருந்தார். கோடாவை விட்டால் கூட்டணிப் பெரும்பான்மையே இல்லை என்பதும் சேர்ந்துகொண்டது. அவருக்குக் கட்சி இல்லை என்பதே அன்றைக்குத் தகுதியாகிவிட்டது.

காங்கிரஸும் ராஷ்ட்ரிய ஜனதா தளமும் வெளியிலிருந்து ஆதரவு என்றன. உள்ளே போனவர்கள் யார்? ஜே.எம்.எம்.மின் சுதிர் மஹதோ துணை முதல்வர். சுயேச்சை ஸ்டீபன் மராண்டியும் துணை முதல்வர். ஹரிநாராயண் ராய், ஏனோஸ் எக்கா, கமலேஷ் சிங், கோவா கட்சியின் இருவர், ஃபார்வர்டு பிளாக்கின் பானு பிரதாப் ஷாஹி. தேர்தலில் தனியாகவோ, ஒற்றை இலக்கக் கட்சியிலோ வந்தவர்களே அமைச்சரவையில் அதிகம். ஒவ்வொருவரும் ஓர் அரசைக் கவிழ்க்க வல்லவர். ஆகவே ஒவ்வொருவரும் தன் துறைக்கு ராஜா. எந்த அமைச்சரையும் கேள்வி கேட்க முதல்வருக்கு வழியில்லை. அவரை நீக்கினால் ஆட்சி போகும், நீக்காவிட்டால் மானம் போகும். கோடா எதை விட்டுக்கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியும்.

சுயேச்சையாக முதல்வரானவர்கள் என்று கோடாவுக்கு முன் இரண்டு பேரைச் சொல்வது வழக்கம். 1971இல் ஒடிசாவில் கூட்டணி அரசை நடத்திய பிஸ்வநாத் தாஸ்; 1937இலேயே மாகாணப் பிரதமராக இருந்த பழுத்த தலைவர், உத்தரப் பிரதேச ஆளுநராகவும் இருந்தவர். எல்லோரும் ஏற்கும் பெரியவர் என்பதால் கூப்பிட்டார்கள். இரண்டாமவர் மேகாலயாவின் மருத்துவர் கோங்லாம். அவர் கதை தனி. கோடாவிடம் அந்த வயதும் கிடையாது, அந்த நிழலும் கிடையாது. இருந்தும் அந்த இருவரையும்விட நீண்ட காலம் பதவியில் இருந்தவர் அவர்தான்: 23 மாதம்.

அந்த 23 மாதங்களில் என்ன நடந்தது என்பதன் பட்டியலைக் குற்றப்பத்திரிகைகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. சாதனைப் பட்டியல் என்று யாரும் எனக்கு எடுத்துக்காட்டியதில்லை. ராஞ்சியில் நடக்க வேண்டிய 34ஆவது தேசிய விளையாட்டுப் போட்டி தள்ளித் தள்ளிப் போய் 2011இல் நடந்தது. செலவுக் கணக்கு ஊழல் வழக்கானது. மாவோயிஸ்டுகள் வலுத்தார்கள். சாரண்டா லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

முடிவு வந்தது டெல்லியிலிருந்து. 2008 ஜூலை 22. அணு ஒப்பந்தத்தை ஒட்டி மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை வாக்கு கோரியது. 275க்கு 256 என்று தப்பியது. ஜே.எம்.எம்.மின் ஐந்து எம்.பி.க்கள் அரசுக்கு ஆதரவாக நின்றவர்கள். கூலியாக சிபு சோரன் ராஞ்சி நாற்காலியைக் கேட்டார். ஆகஸ்ட் 17இல் கோடாவுக்கான ஆதரவைத் திரும்பப் பெற்றார். சுயேச்சைகள் இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார்கள். பிறகு வழிக்கு வந்தார்கள். 23ஆம் தேதி கோடா ராஜினாமா, 27இல் சோரன் பதவியேற்பு. எம்.எல்.ஏ.வாக இல்லாத சோரன் 2009 ஜனவரியில் தமார் இடைத்தேர்தலில் நின்றார். ஒரு முதல்வர் இடைத்தேர்தலில் தோற்பது அபூர்வம், சோரன் தோற்றார். குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. கிட்டத்தட்ட நான்கு ஆண்டு ஒருவரை ஒருவர் கவிழ்த்து எல்லோரும் சேர்ந்து வந்தடைந்த இடம் அது.

ஆனால் கோடா விழவில்லை. 2009 மக்களவைத் தேர்தலில் சிங்பூம் தனித்தொகுதியில் மறுபடியும் சுயேச்சையாக நின்றார். வாங்கிய வாக்கு 2,56,827. பாஜகவின் பட்குவார் காக்ராய்க்குக் கிடைத்தவை 1,67,154. கிட்டத்தட்ட 90 ஆயிரம் வித்தியாசம். இதைப் பணம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பணமும் இருந்திருக்கும். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் மண்ணைத் தோண்டி வெளியே கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹோ மக்களுக்கு, தங்களில் ஒரு கூலிக்காரரின் மகன் முதல்வர் பங்களாவுக்குப் போனது சின்ன விஷயம் கிடையாது. அவர் எடுத்தாரா என்று அவர்கள் கேட்டிருக்கலாம். அவருக்கு முன் எடுத்தவர்களை யார் கேட்டார்கள் என்றும் கேட்டிருப்பார்கள். அந்த வாக்குகளுக்கு நான் கொடுக்கும் விளக்கம் இது.

வெற்றிக்கு ஆறு மாதம்தான் ஆயுள். கோடாவின் சொத்துகள் பற்றி ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் ஏற்கெனவே பொதுநல வழக்கு இருந்தது. 2009 அக்டோபரில் அமலாக்கத் துறை வழக்குப் பதிவு செய்தது. அந்த மாதக் கடைசி நாளில் நாடெங்கும் சுமார் 70 இடங்களில் வருமான வரித் துறை சோதனை. நாளிதழ்கள் 4,000 கோடி ரூபாய் என்று எழுதின. ஹவாலா, துபாய், லைபீரியாவில் சுரங்கம் என்று அன்றாடம் ஒரு செய்தி. அத்தனையும் புலனாய்வு நிறுவனங்களின் குற்றச்சாட்டு. 4,000 கோடி என்ற எண்ணை எந்த நீதிமன்றமும் தீர்ப்பாக எழுதவில்லை என்பதை மறக்காமல் படியுங்கள். நவம்பர் 30 அன்று, சட்டசபைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதே, சாய்பாசாவில் மாநில லஞ்ச ஒழிப்புப் போலீஸார் அவரைக் கைது செய்தார்கள். அவர் மனைவி கீதா கோடா அந்தத் தேர்தலில் ஜகந்நாத்பூரில் ஜெய் பாரத் சமான்தா கட்சியின் பெயரில் ஜெயித்தார். கணவர் ராஞ்சி சிறையில், மனைவி சட்டசபையில். கோடா ஜாமீனில் வெளியே வந்தது 2013 ஜூலை 31. மூன்றரை ஆண்டுக்கும் மேல்.

தண்டனை வேறு ஒரு வழக்கில் வந்தது. பலாமு பகுதியின் ராஜ்ஹரா வடக்கு நிலக்கரிச் சுரங்கத் தொகுதியை வினி அயர்ன் அண்ட் ஸ்டீல் என்ற கல்கத்தா கம்பெனிக்கு ஒதுக்கிய விவகாரம். அந்தக் கம்பெனியை முதலில் மாநில அரசும் பரிந்துரைக்கவில்லை, எஃகு அமைச்சகமும் பரிந்துரைக்கவில்லை. 2008 ஜூலையில் கூடிய தேர்வுக் குழுவில் பெயர் உள்ளே வந்தது. 2017 டிசம்பரில் டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் கோடாவுக்கு மூன்று ஆண்டு சிறையும் 25 லட்சம் அபராதமும் விதித்தது. நிலக்கரித் துறைச் செயலராக இருந்த எச்.சி. குப்தாவுக்கும் ஜார்க்கண்ட் தலைமைச் செயலராக இருந்த ஏ.கே. பாசுவுக்கும் மூன்று ஆண்டு. மேல்முறையீட்டில் டெல்லி உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்திருக்கிறது. குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில், 2009 தேர்தல் செலவுக் கணக்கைச் சரியாகக் காட்டவில்லை என்று தேர்தல் ஆணையம் அவரை மூன்று ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்திருந்தது.

அவருடைய அமைச்சரவை சகாக்கள் சிலரும் ஒவ்வொருவராகச் சிக்கினார்கள். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் நாட்டிலேயே முதலில் தண்டனை பெற்றவர் யார் தெரியுமா? ஹரிநாராயண் ராய். 2017 ஜனவரியில் ஏழு ஆண்டு. ஏனோஸ் எக்காவுக்கு 2020இல் அதே சட்டத்தில் ஏழு ஆண்டு; அதற்கு முன்பே ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. பந்து திர்க்கிக்கு 2022இல் சொத்துக்குவிப்பு வழக்கில் மூன்று ஆண்டு, எம்.எல்.ஏ. பதவியும் போனது, அப்போது அவர் காங்கிரஸில் இருந்தார். ஸ்டீபன் மராண்டி ஜே.எம்.எம்.முக்கே திரும்பி, 2024இலும் மகேஷ்பூரில் ஜெயித்தார்.

இந்தக் கதையை ‘சுயேச்சை ஆண்டால் இதுதான் நடக்கும்’ என்று சொல்லும் கட்டுரைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நிறைய வந்துவிட்டன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோடா ஆண்டார் என்பதே சந்தேகம். ஜே.எம்.எம்., காங்கிரஸ், ராஷ்ட்ரிய ஜனதா தளம் மூன்றும் சேர்ந்து 33 எம்.எல்.ஏ.க்கள். அவர்கள் நினைத்திருந்தால் எந்த வாரத்திலும் அவரை அனுப்பியிருக்கலாம்; சோரனுக்கு நாற்காலி வேண்டும் என்றபோது ஒரே வாரத்தில் அனுப்பியும் காட்டினார்கள். ஊழல் புகார்களுக்காக ஒருவரும் ஆதரவைத் திரும்பப் பெறவில்லை. வெளியிலிருந்து ஆதரவு என்பது இந்திய அரசியலின் மிக வசதியான கண்டுபிடிப்பு: ஆட்சியில் பங்கு உண்டு, பெயரில் பங்கு கிடையாது. கெட்ட பெயர் வந்தபோது கோடாவுக்குப் பின்னால் ஒரு கட்சி அலுவலகம்கூட இல்லை. கட்சி முதல்வர் ஒருவர் சிறைக்குப் போனால் வாசலில் தொண்டர்கள் நிற்பார்கள், பழிவாங்கல் என்று ஊர்வலம் போவார்கள், கட்சியும் அடுத்த தேர்தலில் கொஞ்சமாவது பதில் சொல்லியாக வேண்டும். கோடா வழக்கில் பதில் சொல்ல வேண்டிய கட்சியே இல்லை. கூட்டணியில் இருந்த மூன்றுக்கும் இதைவிடச் சௌகரியம் வேறென்ன?

அதற்காகக் கோடாவை நிரபராதி என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்ன ஒரு வழக்கு இருக்கிறது. ஆட்சியைப் பிடிக்க அவர் காட்டிய சாமர்த்தியத்தில் பத்தில் ஒரு பங்கை நோவாமுண்டிக் கூலிக்காரர்களுக்காகக் காட்டியிருந்தால் இந்த அத்தியாயத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பிறகு நடந்தவை சுருக்கமாக. 2014இல் கோடா மஜ்காவ் தொகுதியில் நின்று தோற்றார். கீதா கோடா காங்கிரஸில் சேர்ந்து 2019இல் சிங்பூம் எம்.பி. ஆனார்; அந்தத் தேர்தலில் ஜார்க்கண்டில் காங்கிரஸுக்குக் கிடைத்த ஒரே இடம் அது. 2024 பிப்ரவரியில் பாஜகவுக்குப் போனார். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் ஜோபா மாஞ்சி. ஆம், கோவா கட்சியில் வந்து கோடா அமைச்சரவையில் இருந்தாரே, அவர்தான். அந்தத் தேர்தலில் அவர் ஜே.எம்.எம். வேட்பாளர். சட்டசபைத் தேர்தலில் நிற்பதற்காகத் தன் மீதான தீர்ப்பை நிறுத்திவைக்கும்படி கோடா கேட்ட மனுவை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நவம்பரில் ஜகந்நாத்பூரில் பாஜக வேட்பாளராக நின்ற கீதா கோடா காங்கிரஸின் சோனா ராம் சிங்குவிடம் தோற்றார்.

அடுத்த வாரம் ஷில்லாங். ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு முதல்வரான மருத்துவர் கோங்லாமின் கதை. மேகாலயத் தேர்தல்களை நேரில் பார்த்த வாசகர்கள் யாராவது இருந்தால், இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.

(தொடரும்)